தேடப் போகும் பேத்திக்கு ஒரு நாள்வழி

போன மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல ஹிப்பியாமே? அத்தை சொன்னாங்க."

ஹிப்பியெல்லாம் இல்லை. காதை மூடுகிற முடி, தரையைக் கூட்டுகிற பெல்பாட்டம், கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம். 1972இல் சேலம் குகைப் பகுதியில் ஒருவனை ஹிப்பி என்று கூப்பிட அவ்வளவு போதும். அவள் கேட்க வந்தது வேறு. வேலையில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு ஏற்காட்டுக்குத் தனியாகப் போய்ச் சும்மா உட்காரப் போகிறாளாம். மனசு சரியில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். "ஏன்னு கேக்காதீங்க தாத்தா, எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றுவிட்டாள்.

சரி, எப்படி என்று மட்டும் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். அதனால் இதுவும் கணக்கு வாடையோடுதான் இருக்கும்.

முதலில் நோட்டு

துணி எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. போனில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லாதே. போனைத் திறந்தால் எழுத வந்த வேலை மறந்துபோகும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டால் மூன்று பத்தி கிடைக்கும். அவற்றுக்கு மேலே "பார்த்தது", "கேட்டது", "நினைத்தது" என்று எழுதிக்கொள். பக்கத்தின் அடியில் வரவு செலவுக்கு நாலு வரி விடு.

உன் கண், காது, தோல் நேராக அறிந்ததை முதல் பத்தியில் எழுத வேண்டும். பிறர் சொன்னது, படித்தது, வீடியோவில் வந்தது எல்லாம் இரண்டாவது பத்திக்கு. உன் மனதில் ஓடியது மூன்றாவதுக்கு. இரவு படுக்கும் முன் கால் மணி நேரம் போதும். எதை எந்தப் பத்தியில் போடுவது என்று குழப்பம் வந்தால் அதிலேயே கொஞ்ச நேரம் நில். எனக்கு அந்தக் குழப்பம்தான் பல நாள் வாத்தியாராக இருந்தது.

என் 1972 நோட்டு இன்னும் இருக்கிறது. செல் அரித்தது போக இருபத்தாறு பக்கம் மிச்சம். அதில் முதல் மூன்று நாளும் "கேட்டது" பத்தி கோட்டைத் தாண்டி வழிகிறது. குண்டலினி பாம்பு மாதிரி எழும்பும், இமயமலையில் முந்நூறு வயது யோகி இருக்கிறார், அமெரிக்காவில் எல்லாரும் தியானம் செய்கிறார்கள், இப்படி. "பார்த்தது" பத்தியில் மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே வரி: "மழை. செருப்பு அறுந்தது."

வீட்டில் சொல்லிவிட்டுப் போ

நான் சொல்லாமல் போனவன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உன் கொள்ளுத் தாத்தா, அதாவது என் அப்பா, குழித்தறி நெசவாளி, கருப்புச் சட்டைக்காரர். 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி நம்ம சேலத்தில்தான் நீதிக்கட்சி மாநாட்டில் கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றினார்கள். அந்தப் பந்தலில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1971 ஜனவரியில் பெரியார் இங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தினார். ஊர்வலத்தில் ராமர் படத்துக்குச் செருப்படி விழுந்தது என்று ஊரே இரண்டுபட்டது. அப்பா அந்த ஊர்வலத்தில் நடந்துவிட்டு வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, தறிக்குழியில் இறங்கினார். அதே வீட்டில் ஆயா, அதாவது என் பாட்டி, அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒரு மாரியம்மன் படத்தை ஒளித்து வைத்து வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவாள். அது அப்பாவுக்குத் தெரியும் என்பது ஆயாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் கடைசிவரை அதைப் பேசிக்கொண்டதில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் நான். பி.காம். இரண்டாம் வருடம். இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸ் பையன்கள் 1968இல் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியிடம் போய் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த படத்தை ஒரு பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி, கணக்கியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். உலகத்தில் எல்லாம் கிடைக்கிறவன் இங்கே வந்து எதையோ தேடுகிறான், பக்கத்தில் இருக்கிற நமக்கு அது என்னவென்றே தெரியவில்லையே என்ற ஆத்திரம். பக்தி என்று அதைச் சொல்ல முடியாது. பொறாமை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பரீட்சை முடிந்த கையோடு, தர்மபுரியில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏற்காடு பஸ் ஏறினேன். கையிருப்பு 43 ரூபாய். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் வீட்டுக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். "நலம். உண்மையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்." கார்டின் மேலே ஏற்காடு என்று தபால் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. உண்மை அப்படித்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே, எங்கே தங்குகிறாய், எந்த அறை, எந்த நாள் திரும்புகிறாய் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. போனை அணைத்து வை, தப்பில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை திறந்து "சரி" என்று ஒரு சொல் அனுப்பு. மௌனம் இருப்பவள் அந்த ஒரு சொல் அனுப்பினால் மௌனம் கெட்டுவிடாது. அனுப்பாமல் விட்டால் உங்கள் அம்மா மலை ஏறி வந்துவிடுவாள், அதில் கெடும்.

யாரையாவது பார்க்க வேண்டுமா

ஏற்காடு வேண்டாம், ஆசிரமம் ஏதாவது போகலாமா என்றும் கேட்டாள். போகலாம். ஆனால் எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை. ரமணர் 1896இல் பதினாறு வயதுப் பையனாக வீட்டை விட்டு அங்கே வந்து சேர்ந்தவர். வீட்டில் சொல்லாமல் போனதற்கு அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் அதிகம். நானும் காட்டினேன். "நீ ரமணரா?" என்று அப்பா கேட்டார். பதில் இல்லை. ரமணாசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், வாடகை வாங்குவதில்லை. கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமியில் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பாய், சாதாரண நாளில் விடிகாலையில் நட. என் காலத்தில் போனவர்கள் விசிறி சாமியார் என்ற யோகி ராம்சுரத்குமாரையும் பார்த்துவிட்டு வருவார்கள். கையில் பனையோலை விசிறியும் கொட்டாங்கச்சியும் வைத்துக்கொண்டு சிகரெட் பிடித்தபடி சிரிப்பார். நான் போனபோதும் சிரித்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் நானும் சிரித்துவிட்டு வந்தேன். அது "பார்த்தது" பத்தியில் இருக்கிறது.

காவிரிக்கரையில் குளித்தலை பக்கம் சாந்திவனம். 1950இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் இருவர் தொடங்கியது, 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலத் துறவி வந்து பொறுப்பேற்றார். காவி கட்டிய கிறிஸ்தவத் துறவி. அமைதி வேண்டும், சாமி எதுவானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நல்ல இடம். வடலூருக்குப் போனால் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, போகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டு. என் அப்பா தலைகுனிந்து பேசிய ஒரே சாமியார் வள்ளலார்தான். "அந்தாள் சோறு போட்டான்டா" என்பார்.

பத்து நாள் விபாசனா தியான முகாம் என்றால் அது வேறு கணக்கு. கோயங்கா பர்மாவிலிருந்து 1969இல் வந்து இந்தியாவில் தொடங்கியது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், பத்து நாள் பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டணம் இல்லை, முடித்தபின் விருப்பமிருந்தால் கொடுக்கலாம். நாலு நாளில் கிளம்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அங்கே போகாதே. பாதியில் விடுவது உனக்கும் அவர்களுக்கும் சங்கடம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்று பெரிய இசைவிழா நடந்ததே, அதைத் தொடங்கி வைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தா நம்ம கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக்காரர். அவருக்கு குரு ரிஷிகேஷ் சிவானந்தர். அந்தச் சிவானந்தர் பத்தமடையில் பிறந்தவர், பாய்க்குப் பேர்போன பத்தமடை. நான் வெட்டி வைத்த படத்து வெள்ளைக்காரர்கள் தேடிப்போன ரிஷிகேஷில், அதற்கு முன்பே ஒரு திருநெல்வேலிக்காரர் மடம் கட்டி உட்கார்ந்திருக்கிறார். தெரிந்திருந்தால் என் பொறாமை பாதியாகக் குறைந்திருக்கும்.

சாமியாரை எடை போடுவது

எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு முறையைச் சொல்கிறேன்.

ஏற்காட்டுக்குப் போவதற்குச் சில மாதம் முன்பு ஒரு சாமியாரிடம் மாட்டினேன். யார், எந்த ஊர் என்பது வேண்டாம். சனி, ஞாயிறு போய்த் தண்ணீர் சுமப்பது, கொட்டில் கூட்டுவது. ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்தார். பி.யு.சி. தேறியதற்கு அப்பா மூன்று தவணையில் வாங்கிக் கொடுத்த எச்.எம்.டி. கடிகாரம். "காலத்தைக் கடக்கணும்னு வந்திருக்கே, கையில காலத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கியே" என்றார். உடம்பே சிலிர்த்துவிட்டது எனக்கு. கழற்றி அவர் காலடியில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போனால் கடிகாரம் சமையல்காரர் கையில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, இதுக்கு தினம் சாவி குடுக்கணுமா?" என்று கேட்டார். குடுக்கணும் என்று சொல்லிக் காட்டியும் கொடுத்தேன்.

அப்பா யாரைப் பற்றியும் மூன்று கேள்வி கேட்பார். அரசியல்வாதியாக இருந்தாலும் சாமியாராக இருந்தாலும் அதே மூன்றுதான். இவருக்குச் சோறு எங்கிருந்து வருது? இவர்கிட்ட வேலை செய்யறவனுக்குக் கூலி உண்டா? எதிர்த்துக் கேட்டா கோபம் வருதா? மூன்றாவதைச் சோதிப்பது சுலபம். மரியாதையாக ஒரு கேள்வி கேள், "அது எப்படிங்க சாமி?" என்று. அவர் முகத்தைப் பார்க்காதே. சுற்றி நிற்கிற சீடர்கள் முகத்தைப் பார். அவர்கள் பயந்தால் வெளியே வந்துவிடு.

என் அம்மா இன்னொன்று சேர்த்தாள். அங்கே இருக்கும் பெண்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னாள். தலை நிமிர்ந்து, சத்தமாகச் சிரித்து, ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசுகிறார்களா? அடுக்களையில் மட்டும்தான் தென்படுகிறார்களா? தனியாக உள்ளே வரச்சொல்லும் எந்த தீட்சையும் உனக்கு வேண்டாம். அதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், விளக்கம் முடியும்வரைகூட நிற்காதே.

கஞ்சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் காலத்தில் அதைச் சிவ மூலிகை என்று பெயர் சொல்லி நீட்டுவார்கள். நானும் ஒருமுறை இழுத்தேன். நோட்டில் அன்று "நினைத்தது" பத்தியில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மறுநாள் படித்தேன், இன்றும் படிக்கிறேன், ஒரு வாக்கியம்கூடப் பயனிலையில் முடியவில்லை. சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். தேடுகிறவளுக்குத் தெளிவாகப் பார்க்கிற கண் ஒன்றுதான் முதல், அதைக் கொடுத்துவிட்டு என்னத்தை வாங்குவது?

மலையில் நாலு நாள்

மே மாதம் போகாதே. கோடை விழாக் கூட்டத்தில் ஏரியைச் சுற்றிக் கார்தான் தெரியும். வார இறுதியும் வேண்டாம். திங்கள் காலை ஏறி வியாழன் மாலை இறங்கு. மழை கண்டபின் மார்ச், ஏப்ரலில் காப்பிப் பூ பூக்கும், ஒரே நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை. அது கிடைத்தால் அதிர்ஷ்டம். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம், தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், குளிரும் இருக்கும். ஊர் 1,500 மீட்டர் உயரம். ஒரு கம்பளி, ஒரு டார்ச், பிளாஸ்க், கடலை மிட்டாய். கொண்டை ஊசி வளைவு இருபது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் ஏழாவது வளைவில் தேடல் வேறு திசைக்குப் போய்விடும். முன் சீட்டில் உட்கார், கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

அறை சாதாரணமாக இருக்கட்டும், ஆனால் ஊருக்குள், ஆள் இருக்கும் இடத்தில். தனிமை என்பது பகலில் போய் உட்காருகிற இடத்தில் கிடைத்தால் போதும். எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையாதே. காட்டுப் பாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறாதே. குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறந்து வைக்காதே, நோட்டைக்கூட விடாது.

உட்காரும் முறை எளிது. சில்வர் ஓக் மரத்தடி கிடைத்தால் நல்லது. காற்றில் இலை புரளும்போது அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும், சலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். முதுகு நேராக, காலை எப்படி வேண்டுமானாலும் மடக்கி, கண்ணைப் பாதி மூடி உட்கார். மூச்சு வெளியே போகும்போது ஒன்று என்று எண்ணு. அடுத்ததற்கு இரண்டு. பத்துவரை போய்விட்டு மறுபடி ஒன்று. நடுவில் மனசு ஆபீசுக்கோ, சண்டை போட்டவரிடமோ போய்விட்டால், போனது தெரிந்த நிமிடத்தில் ஒன்றிலிருந்து தொடங்கு. இருபது நிமிடம். காலையில் மூன்று தடவை, மாலையில் இரண்டு. இடையில் நட, தூங்கு, சாப்பிடு.

எத்தனைவரை தவறாமல் எண்ணினாய் என்று நோட்டில் உண்மையாக எழுது. என் முதல் நாள் உச்சம் 4. இரண்டாம் நாள் 3. எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கணக்குப் படிக்கிறவனுக்கு ஐந்துவரை எண்ண முடியவில்லையே! அப்போதுதான் வீட்டு ஞாபகம் வந்தது. ஆறேழு வயதில் நான் ராட்டையில் தார், அதாவது தறிக்கான நூல், சுற்றுவேன். நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்பா ஒருநாளும் அறுந்ததற்குத் திட்டியதில்லை. அறுந்ததைக் கவனிக்காமல் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் தலையில் குட்டு விழும். அன்றிலிருந்து எண்ணிக்கையோடு எத்தனை தடவை அறுந்தது என்பதையும் எழுத ஆரம்பித்தேன். 31, 28, 40 என்று இருக்கிறது. 40 வந்த நாள்தான் நன்றாக உட்கார்ந்த நாள் என்று இப்போது தோன்றுகிறது. அறுந்ததை அத்தனை தடவை பார்த்திருக்கிறேனே.

ஒரு எச்சரிக்கை. தூக்கமே வராமல் போனாலோ, யாரோ பேசுவது போலக் கேட்டாலோ, காரணமில்லாமல் பயம் பிடித்தாலோ ஞானம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு தொடராதே. எழுந்து ஊருக்குள் போய்ச் சூடாகச் சாப்பிட்டு, வீட்டுக்குப் பேசு. அடங்காவிட்டால் இறங்கி வந்து டாக்டரைப் பார்.

மூன்றாம் நாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போ. ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும், நடந்தால் நல்லது. உச்சி 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, புல் படர்ந்த பரந்த வெளி, காற்று சேலையை இழுக்கும். கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரியம்மனும். மலையில் வாழும் மலையாளிகளின் சாமி. கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதே, இங்கே மலையை ஆள்கிறவர்கள் என்பதால் அந்தப் பேர். நான் போன அன்று ஒரு பெரியவர் எண்ணெய்ச் சட்டியோடு முன்னால் போனார். "தம்பி, தலையைக் குனிஞ்சுக்கப்பா" என்றார். நான் தத்துவமாக எடுத்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் பாறை இடித்தது. பெரியவர் திரும்பிப் பார்த்து, விபூதிக்குப் பதில் விளக்கெண்ணெயைத் தொட்டு வீக்கத்தில் தடவினார். உள்ளே ஈரமண் வாசனையும் திரி கருகும் வாசனையும். கூரையிலிருந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது, ஐஸ் மாதிரி. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன், ஆயாவுக்கு என்ன வாங்கிப் போவேன் என்ற இரண்டு நினைப்பும் அந்தச் சொட்டு விழுந்த நேரம் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் இல்லையே.

"பார்த்தது" பத்தியில் "சொட்டு. குளிர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன். "நினைத்தது" காலி.

தாடிக்காரன்

மலையில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். அமெரிக்கப் பையன், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். கடைக்காரர்கள் தாடிக்காரன் என்பார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை வழியிலேயே வந்தவன். அந்தக் காலத்தில் அப்படி வரலாம், 1979க்கு அப்புறம் அந்த வழி அடைபட்டுப் போனது. என் உடைந்த இங்கிலீஷில் ஏன் வந்தாய் என்று கேட்டேன். கடவுள், கர்மா என்று ஏதாவது சொல்வான், நோட்டில் எழுதலாம் என்று காத்திருந்தேன். அவன் ஒரு குலுக்கலைப் பற்றிச் சொன்னான். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 1969 டிசம்பரில் அவர்கள் நாட்டில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டார்கள். முதலில் வந்த தேதிக்காரர்கள் முதலில் போக வேண்டும். அவன் தேதி முந்நூறுக்கு மேல் வந்தது, தப்பித்தான். அதே தெருவில் கூடப்படித்தவனின் தேதி முதல் முப்பதுக்குள் வந்தது. "அவன் போனான், நான் இங்கே வந்தேன்" என்றான். அதற்குமேல் அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. ஏரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்திருக்கிறான். நீயும் குடிநீரைப் பார்த்துக் குடி, இதை எச்சரிக்கையில் சேர்த்துக்கொள். ஒரு ராத்திரி முழுக்க அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுத் தம்ளர் தம்ளராக ஊற்றினேன், விடிந்ததும் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் "பார்த்தது" பத்தி ஒரு பக்கம் முழுக்க நிறைந்திருக்கிறது. எத்தனை தம்ளர், எத்தனை தடவை, காய்ச்சல் எப்போது இறங்கியது. உட்கார்ந்த கணக்கு அன்றைக்கு இல்லை. அவன் விலாசம் நோட்டின் பின்னட்டையில் இருக்கிறது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை.

நீ போகும்போது பக்கத்து அறையில் யாருக்காவது இப்படி ஆனால், மௌனத்தை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போ. இதற்கு விதி எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும்.

இறங்கும் நாள்

கடைசி நாள் மதியமே உட்காருவதை நிறுத்திவிடு. நோட்டை முதலிலிருந்து படி. எதையும் அடிக்காதே, திருத்தாதே. வரவு செலவைக் கூட்டி மீதியை எழுது. ராத்திரி பஸ் வேண்டாம், பனி இறங்கினால் வளைவு தெரியாது. இறங்கிய அன்றே ஆபீஸ் போகாதே, ஒரு நாள் இடைவெளி விடு. நாலு நாள் பேசாமல் இருந்தவர்களுக்கு முதல் நாள் எல்லாருடைய பேச்சும் சத்தமாகக் கேட்கும், சட்டென்று கோபம் வரும். அம்மா மேல் அதைக் காட்டாதே. சேலத்தில் இறங்கியதும் ஒரு தட்டுவடை செட் சாப்பிடு, காரச் சட்னி கூடக் கேட்டு வாங்கு. நாக்கு ஊருக்குத் திரும்பினால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

நான் இறங்கியது அப்பாவோடு. தபால் கார்டு கிடைத்த மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கருப்புச் சட்டை, கையில் மஞ்சள் பை. டீக்கடை வாசலில் என்னைப் பார்த்தார், என் முடியைப் பார்த்தார், நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். வெறும் மணிக்கட்டையும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும், "கணக்கு எழுதினியா?" என்றார். நோட்டைக் கொடுத்தேன். மூன்று பத்தியையும் அவர் படித்தாரா, தாவிவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே அடியில் இருந்த நாலு வரியை மட்டும் விரல் வைத்துக் கூட்டினார். பன்னிரண்டாவது வளைவில் விரல் நின்றது.

"ஒம்பதும் ஆறும் பதினாலாடா?"

பேனாவை வாங்கி அடித்துப் பதினைந்து என்று எழுதினார். அதற்குக் கீழே மீதியையும் திருத்தினார். அந்த நீல மை இன்னும் அழியவில்லை.

அஸ்தம்பட்டி வந்தபோது, "முடி வெட்டிக்கிறியா?" என்றார்.

"இல்லப்பா."

"சரி, எண்ணெயாவது வை."